நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது கை

உங்களுக்குத் தெரியுமா?

★

நீடாமங்கலம் என்றால் சிலருக்கு ரயில் ஜங்ஷன். நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தவில். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுத்து வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) இந்த ஊர்க்காரர். தவிலில் இரண்டு கைக்கும் ஒரே வேலை கிடையாது. வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். துணியைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் காயவைத்த கூடு அது, விரலுக்கு விரல் அளவு மாறும். இடக்கையில் கட்டைக் குச்சி. வலக்கை மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் பொடிச் சொற்களைப் பொழிந்துகொண்டிருக்க, இடக்கை முழங்கையிலிருந்து குச்சியை இறக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் வந்து விழ வேண்டும். இரு கைகளையும் இப்படித் தனித்தனியே ஏவி ஒன்றாகக் கட்டும் வேலையில் பெரும்பங்கு மூளையின் முன்மடலுக்கு உண்டு. அந்த மடலில் அடிபட்டால் கைக்கு என்ன ஆகும், போன கை எப்படித் திரும்பும் என்பதுதான் இந்த முறை நம் துணுக்குகள்.

★

முன்மடல் என்பது நெற்றிக்குப் பின்னால் தொடங்கி உச்சந்தலை வரை வருகிற பகுதி. மூளையின் மடல்களில் இதுதான் பெரியது. இதன் பின் விளிம்பில், ஏறக்குறைய ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை ஓடுகிற பட்டைதான் கை, கால், முகத்தை அசைக்கும் கட்டளை கிளம்பும் இடம். அதை இயக்கப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் இருப்பவை, எதைச் செய்வது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் பகுதிகள்.

★

வலக்கையை அசைப்பது இடப்பக்க மூளை. இடக்கையை அசைப்பது வலப்பக்க மூளை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை கழுத்துக்குச் சற்று மேலே, மூளைத்தண்டின் அடியில், குறுக்கே கடந்து மறுபக்கம் போய்விடுகின்றன. தலையின் ஒரு பக்கம் காயம்பட்ட வீரர்களுக்கு மறுபக்கக் கைகால் விழுவதைப் பார்த்து, 1710-லேயே இதை எழுதிவைத்தவர் பூர்ஃபூர் து பெத்தி என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர்.

★

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் பெயர் சாவிக்குப் போய்விட்டது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் கவனிப்பது. 5 நிமிடம் தாண்டினால் 108.

ஆனால், கை எப்படி வெட்டி இழுத்தது என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் அது பெரிய உதவி. முன்மடலில் தழும்பு உள்ளவர்களுக்குச் சில சமயம் வலிப்பு கட்டை விரலில் தொடங்கி, மற்ற விரல்களுக்குப் போய், மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி முகத்துக்கு வரும். 1860களில் லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் இந்த வரிசையைப் பார்த்துத்தான், மூளைக்குள் கைக்கும் முகத்துக்கும் அடுத்தடுத்து இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். மூளையைத் திறந்து பார்க்காமல், கை துடித்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு!

★

அந்த ஊகத்தை 1870-ல் உறுதி செய்தவர்கள் பெர்லினில் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிகும். ஆய்வகம் கிடைக்காததால் வீட்டிலேயே வைத்து நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். முன்பக்கத்தில் ஓரிடத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கக் கால் அசைந்தது.

★

மனித மூளையில் அந்த வரைபடத்தை விரிவாக எழுதியவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த வைல்டர் பென்ஃபீல்ட். விழிப்பு நிலையில் இருந்த நோயாளிகளின் மூளையை அறுவையின்போது தொட்டுத் தொட்டுப் பார்த்து, 1937-ல் வெளியிட்டார். அதில் முதுகுக்கும் தொடைக்கும் கிடைத்திருக்கும் இடம் கொஞ்சம். கைக்குக் கிடைத்திருப்பது அதிகம். கட்டை விரலுக்கு மட்டுமே தாராளமான இடம்.

ஏன் என்று அறிய நடவு வயலில் சற்று நேரம் நின்றால் போதும். இடக்கையில் நாற்று முடி. அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண் பார்க்காமலே பிரித்தெடுக்கும். பிறகு கட்டை விரல் வேரோடு சேற்றில் அழுந்தும். அதிகம் அழுத்தினால் நாற்று தூர் கட்டாது, அழுத்தாவிட்டால் மிதந்து போய்விடும். அந்த அழுத்தத்தின் அளவை நொடிக்கு நொடி தீர்மானிக்கத்தான் அத்தனை இடம்.

★

பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவைத் தொடங்கியவர் பி.ராமமூர்த்தி. அவர் 1922-ல் சீர்காழியில் பிறந்தவர், நம் டெல்டாக்காரர். இவர்கள் இருவரும், எஸ்.டி.நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951-ல் சென்னையில் தொடங்கியதுதான் இந்திய நரம்பியல் சங்கம். நாடு முழுவதற்குமான சங்கம், நான்கே பேர்!

ராமமூர்த்தியின் குழுவில் இருந்த டி.எஸ்.கனகாவின் (1932–2018) பெயரில் உள்ள 'டி' தஞ்சாவூர். ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை நிபுணர்களில் ஒருவர். தானாக ஆடும் கை, முறுக்கிக்கொள்ளும் கை ஆகியவற்றுக்கு மூளையின் ஆழத்தில் ஊசி முனையளவு இடத்தைக் குறிவைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை சென்னையில் வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களிலேயே மூளைக்குள் மின்முனை பதித்தவர். நம் பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் இன்னும் உரத்து ஒலித்திருக்க வேண்டும்.

★

பின்மண்டை அடிபட விழுந்தாலும் முன்மடல் காயப்படலாம். மண்டைக்குள் மூளை ஒரு நீர்மத்தில் மிதக்கிறது. வேகமாகப் போய் நின்றால் அது முன்னும் பின்னும் அலைந்து மோதும். முன்மடல் உட்கார்ந்திருக்கும் எலும்புத் தரை வழவழப்பானது அல்ல, மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் உரசித்தான் பல சமயம் இரத்தம் கன்றுகிறது. பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்தவர், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், நெல் லோடு லாரியில் மூட்டை மேலிருந்து சரிந்தவர், எல்லோருக்கும் இது பொருந்தும்.

★

"அடிபட்டதும் எழுந்து உட்கார்ந்து நல்லாத்தான் பேசினார், காபிகூடக் குடிச்சார், அப்புறம் தூங்கினவர் எழுந்திருக்கல." கிராமங்களில் இப்படி ஒரு சாவையாவது கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே இரத்தக் குழாய் கிழிந்து மெல்ல மெல்லச் சேரும்போது இப்படி ஆகும். இடையில் தெளிவாகப் பேசும் நேரம் சில நிமிடங்களும் இருக்கலாம், சில மணி நேரமும் இருக்கலாம். தலைவலி கூடுவது, வாந்தி, தூக்கம் சொக்குவது, ஒரு பக்கக் கை தளர்வது ஆகியவை எச்சரிக்கை. தலையில் பலமாக அடிபட்டவரிடம், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள். ஒரு கை மட்டும் தானாகக் கீழே இறங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

★

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்து நின்ற அனுபவம் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. தலைக்காயத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆகவே அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் போவது என்பதை 108-ல் வருகிறவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. எங்கே ஸ்கேன் இருக்கிறது, எங்கே நரம்பறுவை நிபுணர் இருக்கிறார் என்று கேட்டு அறிந்து போவார்கள். பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்ட எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது.

★

தலைக்கவசம் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும், சாவின் அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது. இது ஒரு ஆய்வின் முடிவு அல்ல, 61 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது. பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிற கவசத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

★

ஐ.சி.யு.வில் மருத்துவர் நோயாளியின் விரல்களுக்கு நடுவே தன் விரலை வைத்து, "பிடிங்க… விடுங்க" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். கிளாஸ்கோ அளவுகோல் என்று 1974-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுத்துவது. கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 15 மதிப்பெண். அதில் அசைவுக்குத்தான் அதிகம், 6. சொன்னதைச் செய்தால் முழு 6.

பிடிப்பதைவிட விடுவதுதான் இங்கே முக்கியம். முன்மடல் காயத்தில், உள்ளங்கையைத் தொட்டாலே விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளுமே, அதே அனிச்சை. வளர வளர முன்மடல் அதை அடக்கி வைத்திருக்கிறது. காயம்பட்டதும் அடக்கியவர் இல்லாமல் போக, பழைய பிடி திரும்பிவிடுகிறது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டார், விடவே மாட்டேங்கிறார்" என்று வெளியே வந்து அழுகிற மனைவிக்கு, அது நினைவோடு பிடித்ததா, அனிச்சையா என்று மருத்துவர் பக்குவமாக விளக்க வேண்டியிருக்கும். விடச் சொன்னதும் விட்டால் அது நல்ல செய்தி.

★

இனி வருவது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பெரியதாகத் தோன்றும் செய்தி.

பிரிட்டனில் 23 வயதுப் பெண் ஒருவர், சாலை விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாகச் சுற்றுப்புறம் தெரியாத நிலை. கூப்பிட்டால் பதில் இல்லை, கை அசைவில்லை. ஏட்ரியன் ஓவனின் குழு அவரை ஸ்கேனில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றது. முன்மடலின் உச்சிப் பகுதியில், கை அசைவுக்குத் தயாராகும் துணை இயக்கப் பகுதி, நலமாக உள்ளவர்களுக்கு எப்படியோ அப்படியே வேலை செய்தது. 2006-ல் இது வெளியானபோது நரம்பியல் உலகம் அதிர்ந்தது. கேட்டிருக்கிறார், புரிந்திருக்கிறார், உடல் மட்டும் பதில் சொல்லவில்லை.

ஒரே ஒருவர்தானா? நியூயார்க்கில் ஐ.சி.யு.வில் இருந்த, சொன்னதற்குக் கை அசைக்காத 104 பேருக்கு, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. ஒயர்களைத் தலையில் ஒட்டி, "கையைத் திறந்து திறந்து மூடுங்கள்", "நிறுத்துங்கள்" என்று காதில் மாறி மாறிச் சொன்னார்கள். 16 பேரின் மூளை அந்தக் கட்டளைகளுக்கு வெவ்வேறாகப் பதில் தந்தது. கை அசையவில்லை, மூளை அசைத்தது! ஓராண்டு கழித்துப் பார்த்தால், இப்படிப் பதில் தந்தவர்களில் 44 சதவீதம் பேர் பகலில் 8 மணி நேரமாவது தனியாக இருக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் அப்படித் தேறியவர்கள் 14 சதவீதம். இது 2019-ல் வந்தது. 2024-ல் பல நாடுகளில் செய்த பெரிய ஆய்வில், வெளியே எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேருக்கு இது தெரிந்தது. நான்கில் ஒருவர்.

இந்தப் பரிசோதனை எல்லா ஊர் மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு, படுக்கையில் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று "இனி எங்கே பிழைக்கப் போறார்" என்று பேசலாமா? அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள், வயலில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். கையைத் தொட்டு, அசைக்கச் சொல்லி, பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

★

மூளையின் மின்னோட்டத்தை மனிதரிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-ல். அறுவையால் மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்தவர்களிடம் தொடங்கினார். கை சும்மா இருக்கும்போது இயக்கப் பட்டைப் பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஒரு மெல்லிய அலை ஓடும். கையை அசைத்தால் அந்த அலை அடங்கிவிடும். கையை அசைப்பதாக நினைத்தாலே போதும், அப்போதும் அடங்கும். பக்கவாதக்காரர்களின் கையில் மாட்டும் இயந்திரக் கையுறைகளில் சில, இந்த அலை அடங்குவதை உணர்ந்துதான் விரல்களைத் திறந்து மூடுகின்றன.

★

நீங்கள் விரலை அசைக்கும் முன், ஒரு நொடி அல்லது அதற்கும் மேலாகவே உங்கள் முன்மடல் தயாராகத் தொடங்கிவிடுகிறது. 1960களில் ஃப்ரைபர்க்கில் கோர்ன்ஹுபரும் டீக்கேயும் கண்டது இது.

★

"கை நல்லாத்தான் இருக்கு. பிசியோ வந்து தூக்கச் சொன்னா தூக்குறான். நாங்க சொன்னா ஒண்ணும் செய்யறதில்ல. முன்னெல்லாம் விடியக்காலம் எழுந்து மடை பார்க்கப் போறவன், இப்ப சோறு முன்னாடி வச்சாக்கூடச் சும்மா உக்காந்திருக்கான். சோம்பேறியாயிட்டான்."

தலையில் அடிபட்டுத் திரும்பியவரைப் பற்றி வீட்டார் சொல்லும் குறைகளில் இதற்குத்தான் அதிகம் வருந்துவேன். இது சோம்பல் அல்ல. முன்மடலின் உட்புறப் பகுதிகள் கெட்டால் கையில் வலு இருக்கும், உணர்ச்சி இருக்கும், தொடங்குவதுதான் வராது. நீடாமங்கலம் பக்கத்தவர்களுக்கு இதை மூணாறு தலைப்பை வைத்துச் சொல்லலாம். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. தலைப்பில் ஷட்டர் இறங்கிக் கிடந்தால், கீழே வாய்க்காலை எவ்வளவு நன்றாகத் தூர்வாரி வைத்திருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இயக்கப் பட்டை கெட்டால் வாய்க்கால் உடைந்தது போல. அதற்கு முன்னாலுள்ள பகுதி கெட்டால் ஷட்டர் திறக்காதது போல. இரண்டிலும் வயல் காய்கிறது, காரணம் வேறு.

இவர்களைத் திட்டினால் பலன் இல்லை. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொன்றாகச் சொல்வது, முதல் அசைவுக்கு மட்டும் கை பிடித்து உதவுவது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் செய்யவைப்பது ஆகியவை உதவுகின்றன. "சாப்பிடு" என்பதைவிட "தட்டைத் தொடு… சோற்றைப் பிசை… எடு" என்பது வேலை செய்யும்.

★

இதற்கு நேர் எதிரும் உண்டு. தொடங்கத் தெரியாத கைபோல, சும்மா இருக்கத் தெரியாத கை. 1983-ல் பிரெஞ்சு நரம்பியலாளர் லெர்மிட், முன்மடல் கெட்ட நோயாளி முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தார். எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொன்றை வைத்தார். முதலாவதைக் கழற்றாமல் அதன் மேலேயே அதையும் போட்டுக்கொண்டார். யாரும் போடச் சொல்லவில்லை. கண்ணில் பட்ட பொருளே கையை இழுக்கிறது. வெற்றிலைத் தட்டு எதிரில் இருந்தால் மடிக்கத் தொடங்கும், சுவிட்ச் தெரிந்தால் தட்டும். "அடங்காப்பிடாரி" என்று பெயர் வாங்கிக் கொடுப்பதற்குப் பதில், பொருளைக் கண்மறைவாக வைத்துவிடுவது எளிது.

இன்னும் அரிதாக, ஒரு கை சொந்தக்காரர் பேச்சையே கேட்காமல் தன்பாட்டில் எதையாவது பற்றிக்கொள்ளும். மறு கையால் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். 1908-ல் கோல்ட்ஸ்டைன் எழுதிய நோயாளியின் இடக்கை அவர் கழுத்தையே பிடித்தது. இதைப் பேய் என்று சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போகும் முன் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

★

முட்டி, ஓரம், உள்ளங்கை. மேசை மேல் கையை முதலில் முட்டியாக, பிறகு வெட்டுவதுபோல் ஓரமாக, பிறகு உள்ளங்கை படிய வையுங்கள். இதே வரிசையில் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். ரஷ்ய நரம்பியலாளர் லூரியா உருவாக்கிய சோதனை இது. முன்மடல் கெட்டவர்களுக்கு ஒவ்வொரு நிலையும் தனித்தனியே நன்றாக வரும், வரிசைதான் குழம்பும். முட்டி, முட்டி, முட்டி என்று ஒன்றிலேயே கை நின்றுவிடும்.

★

ஃபினியஸ் கேஜ் கதை பலருக்குத் தெரியும். 1848-ல் அமெரிக்காவில் பாறை வெடிவைக்கும்போது, மூன்றரை அடி நீள இரும்புக் கம்பி கன்னத்தில் புகுந்து முன்மடலைத் துளைத்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்தார், குணம் மாறிவிட்டது என்பதோடு பாடப் புத்தகங்கள் நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் பல குதிரை பூட்டிய கோச்சு வண்டி ஓட்டினார் என்பதைச் சொல்லுவதில்லை. ஒவ்வொரு குதிரையின் கடிவாளத்தையும் வெவ்வேறு விரலால் இழுத்துத் தளர்த்தும் வேலை அது. கம்பி இயக்கப் பட்டைக்கு முன்னாலேயே போய்விட்டதால் கை தப்பியது. தினமும் ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வேலை என்ற ஒழுங்கு அவரை மீட்டிருக்கலாம் என்று இப்போது சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்று படுகிறது.

★

துணை இயக்கப் பகுதியில் உள்ள கட்டியை அகற்றிய மறுநாள், எதிர்ப்பக்கக் கை அசையாமல், சில சமயம் பேச்சும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து வீட்டார் நொறுங்கிப் போவார்கள். இயக்கப் பட்டை நன்றாக இருந்தால், இது பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். மறுபக்க மூளையின் அதே பகுதி பொறுப்பை ஏற்பதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. இரு கையையும் சேர்த்துச் செய்யும் நுட்ப வேலைகளில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் தங்கலாம்.

★

பக்கவாதத்தில் கை விழுந்த முதல் வாரங்களில், அந்தக் கையை அசைக்க முயன்றால் மூளையின் இரண்டு பக்கமும் சேர்ந்து உழைப்பது ஸ்கேனில் தெரியும். கை தேறத் தேற, வேலை மெல்ல மெல்லப் பழைய பக்கத்துக்கே திரும்பும். அப்படித் திரும்புகிறவர்களுக்குத்தான் கையும் நன்றாக வருகிறது.

★

பக்கவாதம் வந்த கைக்குப் புறா ரத்தம் தடவுவது நம் பக்கத்தில் பழைய நம்பிக்கை. தோல் மேல் தடவுவது எதுவும் மூளையில் உள்ள அடைப்புக்குப் போகாது. புறா தேடிப் போகும் நேரத்தில்தான் நஷ்டம். இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

★

விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள். தோள்மூட்டைப் பிடித்து வைத்திருப்பது தசைகள்தான். அவை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு வலிக்குப் பயந்தே கையை அசைக்க மாட்டார். முதுகுப் பக்கம், இடுப்பில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

★

வலக்கை விழுந்தவருக்கு நம் வீடுகளில் நடப்பது இது. இடக்கையால் சாப்பிடக் கூச்சம். விருந்தாளி வந்தால் இன்னும் கூச்சம். பாசத்தில் மனைவியோ மகளோ ஊட்டிவிடுகிறார்கள். வலக்கை மடியில் கிடக்கிறது. நாளடைவில், திரும்பி வரக்கூடிய வலுகூட வராமல் போகிறது.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளில் முதலில் கண்டது இதைத்தான். பயன்படுத்திப் பார்த்துத் தோற்ற கையை, பிறகு வலு வந்தாலும் பயன்படுத்தாமலே விட்டுவிடப் பழகிக்கொள்கிறது உடல். அவர் கண்ட வழி, நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, விழுந்த கையாலேயே எல்லாவற்றையும் செய்யவைப்பது. 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இரண்டு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கை நன்றாகத் தேறியது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும், மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்ய எத்தனையோ உண்டு. தட்டில் நெல்லைக் கொட்டி நடுவே பட்டாணி கலந்து பொறுக்கச் சொல்லலாம். ஈரத்துண்டைப் பிழியலாம். பூ கட்டலாம். சோற்றை ஒரு உருண்டையாவது அந்தக் கையால் எடுக்கவைக்கலாம். சிந்தினால் சிந்தட்டும்.

★

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டிக்கு ஆன செலவு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு அட்டைப் பெட்டியும்தான். இல்லாத கையில் வலி உணர்கிறவர்களுக்காகத் தொடங்கி, பக்கவாதக் கைக்கும் வந்தது. நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்து அசைத்தால், கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் விழுந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்கிறார்கள்.

★

1948-ல் வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையைத் தொடங்கினார். மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாணைக் கட்டை விரலுக்கு மாற்றினால், நோயாளி மோதிர விரலை மடக்க நினைக்க வேண்டும், கட்டை விரல் அசையும். பயிற்சி தொடரத் தொடர அந்த நினைப்பும் தேவைப்படாது. வளர்ந்தவர் மூளையும் புது வழி கற்கும் என்பதை அந்தக் கைகள் காட்டின.

★

கையை அசைக்காமல் மனத்துக்குள் பழகினாலும் மூளை மாறும். பாஸ்குவல்-லியோன் 1995-ல் பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைத் தினமும் இரண்டு மணி நேரம், ஐந்து நாள் கொடுத்தார். வாசித்தவர்களுக்கு மூளையில் விரல்களின் இடம் விரிந்தது. வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விரிந்தது.

2007-ல் ஜெர்மனியில், பக்கவாதம் வந்து அதுவரை எந்த வாத்தியமும் தொடாதவர்களுக்குக் கீபோர்டும் மின்னணுத் தாளத் தட்டுகளும் கொடுத்துப் பழக்கினார்கள். பெரிய அசைவுக்குத் தட்டு, விரலுக்குக் கீபோர்டு. அடித்ததும் காதுக்குப் பதில் வருவதால், அசைவு சரியாக விழுந்ததா என்று உடனே தெரிகிறது. கையின் வேகமும் நுட்பமும் கூடின. தாளம் கற்ற குடும்பங்கள் நிறைந்த நம் ஊர்களில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

★

"ஆறு மாதத்துக்குள் வராத கை இனி வராது" என்று பலர் கேட்டிருப்பீர்கள். வேகமாகத் தேறுவது முதல் சில மாதங்களில்தான், அது உண்மை. அதோடு முடிந்துவிடுகிறது என்பது உண்மையல்ல. டாப் தன் முறையை முதலில் சோதித்துப் பார்த்தது, பக்கவாதம் வந்து ஓராண்டுக்கும் மேலாகிவிட்டவர்களிடம்தான். அவர்களுக்கும் கை தேறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பதிவு செய்ய உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அடிபட்டது எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று பார்க்காமல் கேளுங்கள்.